அக்கார்டியன் பெட்டியில் ஒரு வீடு

கம்பியின் தோலை உரிக்கும்போது ரெஜேன் வாயைச் சற்றே திறந்து வைத்துக்கொள்வாள், குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறவர்களைப் போல. செம்பு மினுங்கியதும் வாய் தானாக மூடிக்கொள்ளும். உடனே அடுத்த கம்பியை எடுத்துவிட மாட்டாள். சன்னலுக்கு வெளியே உறைந்து கிடக்கும் ஆற்றையும், அக்கரையில் கனடாக்காரர்களின் வீடுகளிலிருந்து எழும் புகையையும் பார்த்தபடி உட்கார்ந்துவிடுவாள். பக்கத்தில் காபி ஆறிப்போகும்.

மெய்ன் மாநிலத்தின் வடகோடியில், வீடுகளைச் சூடாக்கும் எண்ணெயை விற்கும் கம்பெனி ஒன்றுக்காக வீடுவீடாக நிலவறைகளில் இறங்கி, கணப்பு உலைகளைப் பழுதுபார்த்தவள் அவள். முழங்கால் படியிறங்க மறுத்த பிறகு கம்பெனி வேறு வேலை கொடுத்தது. அறையின் சூட்டைத் தானே அறிந்து உலையை மூட்டவும் அணைக்கவும் செய்யும் புதுவகைத் தெர்மோஸ்டாட்டை ஊர்க் கூடங்களில் இயக்கிக் காட்ட வேண்டும். உலையைத் தூக்கிக்கொண்டு அலைய முடியுமா? கணவன் நார்மனின் அக்கார்டியன் பெட்டிக்குள் ஒரு பலகையை அறைந்து, தெர்மோஸ்டாட்டை அதில் பொருத்தி, உலைக்குப் பதிலாகச் சிவப்பு விளக்கு ஒன்றை வைத்தாள்.

"என் அக்கார்டியன் தலகாணி உறைக்குள்ள கெடக்குது," என்று நார்மன் தினமும் ஒருமுறை சொல்லிவிடுவான்.

"கெடக்கட்டும். நீ வாசிக்காம இருந்தா அதுவாவது தூங்கும்."

மாதா கோயில் கூடத்தில் முதல் தடவை காட்டியபோது பாதியில் தெர்மோஸ்டாட்டின் சிறிய திரை இருண்டுபோனது. முன்வரிசை விழுந்து விழுந்து சிரித்தது. சுவிட்சில் விரலை வைத்தபடி அவள் முகம் சிவந்து நின்றாள். கருவிக்கு இடைவிடாமல் மின்சாரம் கிடைக்கத் தனிக் கம்பி கொடுக்காததுதான் தவறு. இப்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நீலக் கம்பி ஒன்றை மின்மாற்றி வரை இழுத்து முடுக்கினாள்.

"போறதுக்கு வழி வெச்சேன், வர்றதுக்கு வைக்கல," என்று முனகினாள். "மின்சாரம் மட்டும் வீடு திரும்ப வேணாமா?"

பிளக்கைச் செருகியதும் திரை ஒளிர்ந்தது. அணையவில்லை.

பெட்டியை அவள் முதலில் கொண்டுபோனது கூடத்துக்கு அல்ல, பள்ளித் தோழி லூசிலின் வீட்டுக்கு. லூசிலின் கணவர் ஆர்மான் இலையுதிர் காலத்தில் இறந்துபோனார். காலையில் எழுந்ததும் சுவரிலிருந்த பழைய திருகைத் திருப்பி வீட்டைச் சூடாக்கிவந்தவர் அவர்தான். அடக்கத்துக்கு வந்த மகன் ஜில் அதைக் கழற்றி, இதே புதுவகைத் தெர்மோஸ்டாட்டை மாட்டிவிட்டு, ஃபுளோரிடாவுக்குத் திரும்பிப் போனான். இப்போது அங்கிருந்தே போனில் சூட்டைக் கூட்டுகிறான், குறைக்கிறான்.

சமையலறையில் லூசில் கோட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

"ஏன்டி, வீட்டுக்குள்ள கோட்டு?"

"அவன் வெயில்ல உக்காந்துக்கிட்டு, எனக்கு எவ்ளோ சூடு போதும்னு முடிவு பண்றான். அந்தச் சனியனைத் தொடவே பயமா இருக்கு. பிடுங்கிப் போடத்தான் உன்னைக் கூப்பிட்டேன்."

ரெஜேன் திருப்புளியை எடுக்கவில்லை. மேசைமேல் பெட்டியைத் திறந்து, பிளக்கைச் செருகினாள்.

"இதத் தொடு. இதுல உன் புள்ள இல்ல."

சுடுசட்டியைத் தொடுகிறவள் போல லூசில் விரலை நீட்டினாள். எண் ஏறியது, சிவப்பு விளக்கு எரிந்தது. இறக்கினாள், அணைந்தது. மறுபடியும் ஏற்றினாள். ரெஜேன் தெர்மோஸ்டாட்டை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். சற்று நேரத்தில், அறை சூடாகிவிட்டதாக அது நம்ப, விளக்கு தானே அணைந்தது.

"அட, ஏமாளி!" என்று லூசில் சிரித்தாள். துக்கத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பை ரெஜேன் கேட்டதில்லை.

லூசில் விளையாடிக்கொண்டேயிருந்தாள். ரெஜேன் வெளியே இறங்கும் பனியில் தொலைந்துபோனாள். நிமிர்ந்தபோது எதிர் நாற்காலி காலியாக இருந்தது. நடையில், சுவரில் ஜில் மாட்டிய கருவிக்கு முன்னால், லூசில் நின்றுகொண்டிருந்தாள். நீண்ட நேரம் நின்றாள். பிறகு விரல் எழுந்தது.

தரைக்கடியில் உலை ஒருமுறை இருமி, உறுமத் தொடங்கியது.

போன் அடித்தது. ஜில்லின் குரல் சமையலறை வரை கேட்டது. "அம்மா! யாரு அதக் கூட்டுனது?"

"நான்தான்டா," என்றாள் லூசில். "என் வீடு. எனக்குக் குளுருச்சு."

ரெஜேன் குனிந்து காலுறைகளைக் கழற்றினாள். தரையில், உலையின் சூட்டுக்காற்று மேலேறும் இரும்புக் கம்பி வலைமேல் இரண்டு பாதங்களையும் ஊன்றி, கீழிருந்து வந்த வெதுவெதுப்பில் கண்களை மூடிக்கொண்டாள்.