ஷிப்ட் நாளில் மாத்திரை வேண்டாம்

சுரங்கத் தொழிலாளிகள் குடியிருக்கும் ஸ்கெலட்டன் லைனில் இசபெல்லாவை வாயாடி என்பார்கள். குழாயடிச் சண்டையில் அவளை ஜெயித்தவர் கிடையாது. அப்பேர்ப்பட்டவள் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் வாய்க்குள் வைத்துப் பூட்டினாள். அதுதான் அவளைத் தின்றது.

அறுபத்தெட்டாம் வருஷம் அவள் புருஷன் சிரிலுக்குக் கழுத்தில் நெல்லிக்காய் அளவில் கட்டிகள் கிளம்பின. வேலூர் ஆஸ்பத்திரியில் புற்று என்று சொல்லி, தினம் விழுங்க மாத்திரை கொடுத்தார்கள். இரண்டே மாதத்தில் கட்டி இருந்த இடம் தெரியவில்லை. இசபெல்லா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றி, லைன் முழுக்க கேசரி கிண்டிக் கொடுத்தாள்.

ஆனால் மாத்திரை போட்டால் குமட்டியது. கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் நெருக்கியடித்துச் சுரங்கத்துக்குள் இறங்குகிறவன் வாந்தியெடுத்தால் சும்மா விடுவார்களா? அன்ஃபிட் என்று எழுதிவிடுவார்கள். வேலை போனால் குவார்ட்டர்ஸும் போச்சு.

"இன்னாங்க, கட்டிதான் கரைஞ்சி பூட்ச்சே. ஷிப்ட் நாள்ல மாத்திரை வாணாம். ஞாயித்துக்கெழம மட்டும் போட்டுக்கோங்க," என்றாள். சிரில் தலையாட்டினான். அவள் பேச்சுக்கு அவன் என்றைக்கு மறுபேச்சு பேசினான்?

வைத்தியம் தொடங்கிய ஏழாம் மாதம் கட்டிகள் திரும்பின. பயந்துபோய் மறுபடி தினமும் விழுங்கினான். அதே மாத்திரைதான், கட்டி அசையவில்லை.

"கட்டிக்குள்ள எல்லா அணுவும் ஒரே மாதிரி இல்லம்மா," என்றார் வேலூர் டாக்டரம்மா. "சாகிறது செத்துடும். மருந்தைத் தாங்குறது ஒண்ணு ரெண்டு தப்பிச்சுப் பெருகும். இப்ப இருக்கிறது பூரா அதோட வம்சம்தான். மாத்திரையை விடாம கொடுத்தீங்களா?"

"ஒரு நாள்கூட விடல," என்றாள் இசபெல்லா. சிரில் அவளைப் பார்த்தான்.

தவக்காலத்தில் சிரில் செத்துப்போனான். அதன் பிறகு காலை ஷிப்டுக்குச் சங்கு ஊதும்போதெல்லாம் செத்தவன் வந்து அவள் அடுப்படியில் நின்று கையை நீட்டுவான், மாத்திரைக்கு. அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பயம் என்றால் அப்படியொரு பயம்.

ஆறு வருஷம் தாங்கினாள். பிறகு வேலூருக்கு பஸ் ஏறிப் போய் அதே டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். "நான்தான் அவர கொன்னுட்டனா?"

டாக்டரம்மா அவளை உட்காரவைத்தார். "விட்டது தப்புதான். ஆனா விடாம கொடுத்திருந்தாலும் திரும்பியிருக்கலாம். தாங்குற அணு மொதல்லேயே உள்ள இருந்திருக்கும். எதனால போனார்னு என்னால சொல்ல முடியாதும்மா. யாராலயும் முடியாது."

திட்டு வாங்கத்தான் போயிருந்தாள், இல்லாவிட்டால் மன்னிப்பு. இரண்டும் கிடைக்கவில்லை.

"கொன்னனா இல்லியான்னே தெரியலன்னா," என்றாள், "சாமியார்கிட்ட நான் இன்னா பாவம்னு சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்றது?"