கேட்காமல் விட்ட கேள்வி

ஆரோக்கியத்தின் வேலையைப் பறிக்க ஒரே ஒரு சொல் போதுமானதாக இருந்தது. கிடங்கு அதிகாரியைப் பார்த்து அவர் ‘குத்தா’ என்றாராம். இந்தியில் நாய். சார்ஜ்ஷீட்டில் இருந்த ஒரே குற்றச்சாட்டு அதுதான். ஏற்கெனவே எச்சரிக்கை வாங்கியவர் என்பதால், நிரூபணமானால் டிஸ்மிஸல்.

நிர்வாகப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற என் போன்றவர்கள், துறை விசாரணையில் ஊழியருக்கு டிஃபென்ஸ் அசிஸ்டண்டாக உட்காரலாம். விதி இருக்கிறது. புனேயில் ஓய்வு பெற்றவனுக்கு மற்ற வழி ஹவுசிங் சொசைட்டி மீட்டிங்தான். அங்கே என்னைப் பேச விடுவதில்லை. ஆரோக்கியம் வந்து கேட்டதும் ஒப்புக்கொண்டேன்.

1. போபோடி

போபோடியில் ஆரோக்கியத்தின் வீட்டில் உட்கார்ந்து, நடந்ததைச் சொல்லச் சொன்னேன்.

“மழை சார் அன்னிக்கு. லாரி வந்து நிக்குது. கிடங்கு சாப் ஜல்தி ஜல்தின்னு கத்துறாரு. என் சேஃப்டி ஷூவுக்குள்ள ஆணி தூக்கிக்கிச்சு. மூட்டையோட நிக்கிறேன். கால் குத்துது, கால் குத்துதுன்னேன். வலிச்சா எனக்குத் தமிழ்தான் சார் வருது, க்யா கரூன், என்ன பண்ண?”

“குத்துதுன்னது அவர் காதுல குத்தாவா விழுந்திருக்கு.”

“ஆமா சார். அந்த வார்த்தைய நான் சொல்லவே இல்ல.”

சமையலறையில் இருந்து அவர் மனைவி ஸ்டெல்லா குரல் கொடுத்தார்: “அப்புறம் சொன்னதையும் சாருக்குச் சொல்லுங்க. வாய் சும்மா இருந்தாத்தான?”

ஆரோக்கியம் தலையைக் குனிந்தார். “அது வந்து சார்…”

“வேண்டாம். சொல்லாதீங்க.”

எனக்குத் தெரிந்துவிட்டால் விசாரணையில் ஒன்று பொய் சொல்ல வேண்டும், இல்லை அவரைக் கவிழ்க்க வேண்டும். நிறுத்தியது சரிதான். ஆனால் எதையும் தெரிந்துகொள்ளாமல் விட்டுப் பழக்கமில்லாதவன் நான். அன்று முதல் இருப்புக் கொள்ளவில்லை. குளிக்கும்போதுகூட, என்ன சொல்லியிருப்பார் என்றே மனம் ஓடியது.

2. விசாரணை

கிடங்கு அதிகாரிதான் முக்கிய சாட்சி. எல்லாம் இந்தியில் நடந்தது. குறுக்கு விசாரணைக்கு நான்கு கேள்வி எழுதி வைத்திருந்தேன்.

“அவர் சொன்னதை, நீங்கள் கேட்டபடியே சொல்ல முடியுமா?”

“கால் குத்தா, கால் குத்தா.”

“அதில் ‘கால்’ என்பதை எப்படிப் புரிந்துகொண்டீர்கள்?”

“மராத்தியில் கால் என்றால் நேற்று. நேற்றே என்னை நாய் என்றிருக்கிறான். இன்றைக்கும் சொல்கிறான்.”

விசாரணை அதிகாரி இருமுவதுபோல் வாயை மூடிக்கொண்டார். தமிழ் அகராதியில் ‘கால்’, ‘குத்து’ இரண்டுக்கும் உரிய பக்கங்களை முன்பே டிஃபென்ஸ் டாக்குமெண்டாகக் கொடுத்திருந்தேன். அவர் அவற்றைப் புரட்டினார்.

“அன்று அவர் எப்படி நடந்தார்?”

“நொண்டினான்.”

போதும். ஆனால் கையில் நான்காவது கேள்வி மிச்சம் இருந்தது: ‘அதற்குப் பின் வேறு ஏதாவது சொன்னாரா?’ ‘இல்லை’ என்று வந்தால் ஆரோக்கியம் முழுக்கத் தப்பிவிடுவார். என் அரிப்பும் தீரும். ஆனால் நான் தொட்ட விஷயத்தில் எதிர்த்தரப்பு மறுபடி கேள்வி கேட்கலாம். அதுவும் விதிதான். நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கி, “வேறு கேள்வி இல்லை” என்றேன். என் சர்வீஸில் எதையும் இவ்வளவு சுருக்கமாக நான் முடித்ததில்லை.

விசாரணை அதிகாரி விடவில்லை. சாட்சியிடம் அவரே கேட்டார்: “அதன் பிறகு?”

“தமிழில் என்னவோ முணுமுணுத்தான். புரியவில்லை.”

விசாரணை அதிகாரி கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். “நீங்கள் தமிழர்தானே. என்ன சொன்னாராம்?”

“தெரியாது, சார்.”

“அவரிடம் கேட்கவே இல்லையா?”

“இல்லை, சார்.”

பக்கத்தில் ஆரோக்கியம் தொண்டையைச் செருமினார். இந்த மனிதர் இப்போது உண்மை பேசித் தொலைக்கப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் முழங்கை மேல் கையை வைத்து அழுத்தினேன்.

விசாரணை அதிகாரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “சார்ஜ்ஷீட்டில் ஒரு சொல்தானே இருக்கிறது?”

“ஒன்றுதான், சார்.”

“அப்படியென்றால் என் வேலையும் அந்த ஒன்றோடு சரி.” பேனாவை மூடினார். ஓய்வுக்கு அருகில் இருந்தவர். அவருக்கும் விதிகள் தெரியும்.

3. பின்பு

குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று உத்தரவு வந்த அன்று ஆரோக்கியம் போன் செய்தார். “இப்பவாவது சொல்லட்டுமா சார்? உங்களுக்கு மட்டும்.”

“மேலிடம் கேஸை ரிவ்யூவுக்கு எடுக்க இன்னும் டைம் இருக்கு. வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருங்க.”

அந்தக் காலமும் முடிந்துவிட்டது. அவர் வேலையில் இருக்கிறார், புது ஷூவுடன். இனி நான் கேட்டால் எந்த விதியும் மீறப்படாது. கேட்கவில்லை. அன்று நான் சொன்ன ‘தெரியாது’ இன்னமும் உண்மையாகவே இருக்கிறது. அதைக் கெடுக்க மனம் வரவில்லை.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு ஒன்று. கேட்க வேண்டிய கேள்விகளை எல்லோரும் தயாரித்துக்கொண்டு போகிறார்கள். கேட்கக் கூடாதது எது என்றும் முடிவு செய்துகொண்டு போங்கள். அது உள்ளே கிடந்து அரிக்கும். அரிக்கட்டும்.