குறுக்குக் கோடு யாருக்குக் கீழே?

பிறர் வீட்டுக்குள் போய், உங்களுக்கு ஏன் பிள்ளை இல்லை என்று கேட்டு, அவர்கள் தரும் பால் சேர்க்காத கட்டன் சாயாவையும் குடித்துவிட்டு வருவது என் தொழில். கணக்கெடுப்புக்கோ ஆய்வுக்கோ தாளும் பேனாவுமாக அந்நியர் வாசலில் நின்று பழகியவர்களுக்கு அந்தச் சாயா தொண்டையில் எப்படி இறங்கும் என்று தெரியும். அவர்களை நினைத்தே இதை எழுதுகிறேன்.

முப்பது ஆண்டுகள் குமரி மாவட்டத்து வாய்மொழிக் கதைகளைத் தொகுத்து, ஒரே கதையை மூவர் சொன்னால் அது எங்கெங்கே மாறுகிறது என்று குறித்து வந்தவன் நான்; ஒவ்வொருவர் சொல்லும் வடிவத்தையும் ஒரு பாடம் என்போம். ஓய்வு பெற்ற பின்னர், ஆண்களின் மகப்பேற்றுக் குறையை ஆராயும் ஒரு மரபியல் ஆய்வுக்கூடத்தில் குடும்ப வரலாறு கேட்டு எழுத என்னை அழைத்தார்கள். பின்வருவனவற்றைச் சொன்னவர்கள் கடற்கரைச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்த லூர்தம்மாள், அவருடைய இளைய மகன் சேசடிமை, மருமகள் ஷைனி ஆகிய மூவர். கேட்டது சென்ற ஆண்டு, பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில். அன்று அவ்வூரில் யாரும் கடலுக்குப் போவதில்லை. அவர்களுடைய ஒப்புதலோடு பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

தாயார் பாடம்

நாங்கள் வரைவதைக் குடும்பக் கொடி என்போம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். மகப்பேற்றுக் குறை யாரிடம் என்று தெரிந்தால், அவருடைய குறிக்குக் கீழே குறுக்காக இரண்டு சிறு கோடுகள். பூசை முடிந்து வந்த லூர்தம்மாள், தரையில் விரித்த தாளைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு உட்கார்ந்தார். மூத்தவன் வின்சென்ட் மனைவியோடும் மகனோடும் குவைத்தில் இருக்கிறான். இளையவன் சேசடிமைக்குத் திருமணமாகி ஏழு ஆண்டுகள், பிள்ளை இல்லை. ஊர்த் திருவிழா கழிந்ததும் ஷைனியை அவளுடைய தகப்பன் வீட்டுக்கு அனுப்பப்போவதாகவும் சொன்னார். திரும்ப அழைத்துக்கொள்வதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

இவ்வளவும் ஷைனி சாயா கொண்டுவந்து வைத்துக்கொண்டிருக்கும்போதே பேசப்பட்டது. அவள் குனிந்த தலை நிமிராமல் உள்ளே போனாள். சேசடிமை தாளைப் பார்க்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான். லூர்தம்மாள் என் பேனாவைச் சுட்டிக்காட்டினார்.

“எழுதிக்கிடுங்க சாரே. எங்க வீட்டு ஆம்பளையளுக்கு ஒரு கொறையும் கிடையாது. மூத்தவனுக்க பய சாட்சிக்கு நிக்கான்.”

அறுப்பதும் முடிவதும்

உண்மை என்னவென்று சேசடிமைக்கு மூன்று ஆண்டுகளாகத் தெரியும். இரண்டு முறை செய்த பரிசோதனையிலும் அவனுடைய விந்தில் உயிரணு ஒன்றுகூட இல்லை. மனைவியிடம் சொன்னான், தாயிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்று தடுத்தவள் ஷைனியே. அதற்குப் பின்னும் மாமியார் வாங்கிவந்த கசாயங்களை எல்லாம் அவள் குடித்திருக்கிறாள்.

ஆய்வுக்கூடத்து மருத்துவர் பிரமிளா அவனுக்குப் பொறுமையாக விளக்கினார். உயிரணு உருவாகும்போது உடலே தன் டிஎன்ஏ இழைகளைப் பல இடங்களில் வெட்டிக்கொள்ளும். தாய்வழி இழையும் தகப்பன்வழி இழையும் துண்டுகளை மாற்றிக்கொண்டு மறுபடி ஒட்டிக்கொள்ளும். ஒட்டும் வேலைக்கென்று சில மரபணுக்கள் உண்டு. அவற்றில் ஒன்று பழுதானால், வெட்டுப்பட்ட அணு வளராமல் அங்கேயே நின்று அழிந்துவிடும். சேசடிமை தன் கைகளையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அறுந்த வலையை முடிச்சுப் போட்டுப் பொத்தித் தழும்பேறிய விரல்கள்.

“அப்ப அறுக்கதுக்கு ஆளு வந்தாச்சு, முடியதுக்கு ஆளு வரல்ல. அப்படித்தான டாக்டரே?”

மூன்று ஊர்களில் பிறந்த ஒரு பிள்ளை

விடுமுறையில் தனியாக வந்த வின்சென்ட்டும் இரத்தம் கொடுத்துப் போனான். நான்கு மாதம் கழித்து முடிவு வந்தபோது பிரமிளா சோர்ந்துபோனார். அவர் ஐயப்பட்ட மரபணு தம்பியிடம் எப்படிப் பழுதாகியிருந்ததோ, அண்ணனிடமும் அப்படியே பழுதாகியிருந்தது. ஆனால் என் கொடியில் அண்ணனுக்கு ஒரு மகன் இருந்தான். அப்படியானால் அந்த மரபணு காரணமாக இருக்க முடியாது. ஆய்வை வேறு பக்கம் திருப்ப வேண்டியதுதான் என்றார்.

பிழை என்னுடையது. கதை கேட்கப் போகும்போது மூவரைத் தனித்தனியே கேட்காமல் ஒரு வரி எழுதாதவன், குடும்பத்தைக் கேட்கப் போனபோது தாயார் சொன்னதே போதும் என்று இருந்துவிட்டேன். குறிப்பேட்டைப் புரட்டினேன். அந்தப் பையன் நாகர்கோவிலில் பிறந்ததாக லூர்தம்மாள் போகிறபோக்கில் சொல்லியிருந்தார். தொலைபேசியில் கேட்டபோது சேசடிமை மார்த்தாண்டம் என்றான். ஷைனி குவைத் என்றாள். ஒரு பிறப்புக்கு மூன்று ஊர் இருந்தால், சொல்பவர் எவரும் அங்கே இருந்ததில்லை என்பது என் அனுபவம். வின்சென்ட்டை அழைத்து, ஆய்வுக்கு இது ஏன் வேண்டும் என்பதை மறைக்காமல் சொன்னேன். கேட்டுவிட்டு அவனே சொன்னான்.

“பய எனக்க கொழுந்தியாளுக்க மூணாவது பிள்ள சார். நாப்பது நாள்ல தத்து எடுத்தோம். பேப்பர்ல எழுதுங்க, பரவால்ல. அவன்கிட்ட நான் சொல்லுகது வரைக்கும் வேற யாரும் சொல்லாண்டாம்.”

கோடு போட்ட ஞாயிறு

வின்சென்ட் சொன்னதைக் கேட்டதும் பிரமிளா மறுபடி அந்த மரபணுவுக்கே திரும்பினார். குடும்பக் கொடியைத் திருத்தப் போன ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த வெள்ளியன்று திருவிழாக் கொடியேற்றம். திருவிழா கழிந்து போவதற்கென்று ஷைனியின் சேலைகள் இப்போதே மடித்துக் கட்டிலின் மேல் அடுக்கப்பட்டிருந்தன. சேசடிமை பற்றி என்னிடம் இருந்ததை நான் வெளியிடலாகாது; அது அவனுக்குரியது. எனவே தாளை விரித்து, பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தேன். லூர்தம்மாள் குனிந்து, ஷைனியின் வட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

“அந்த ரெண்டு கோட்ட இவளுக்குக் கீழ போட்டு முடியுங்க சாரே.”

“போடாதீங்க சார்,” என்றான் சேசடிமை. தாளைத் தன் பக்கம் இழுத்தான். “எனக்க கட்டத்துக்குக் கீழ போடுங்க. அம்மா, கொறை எனக்குத்தான். மூணு வருசமாட்டு எனக்குத் தெரியும். இவ உங்களுக்கு நெஞ்சு வலி வரும்னு வாயத் தொறக்கல்ல.”

ஷைனி, “இப்ப எதுக்கு இதெல்லாம்?” என்று அவன் தோளைப் பிடித்து இழுத்தாள். நான் கோடுகளைப் போட்டேன். லூர்தம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அவர் கட்டிக்கொண்டது சொந்த அத்தை மகனை. உறவுக்குள் என்பதால் ஆயரிடம், அதாவது பிஷப்பிடம், சிறப்பு அனுமதி வந்த பிறகே கோயிலில் கல்யாண ஓலை என்னும் திருமண அறிவிப்பை வாசித்தார்களாம். அதைச் சொல்லிவிட்டு மகன் பக்கம் திரும்பினார்.

“மூத்தவனுக்கும் இதுதான்னு எனக்குத் தெரியும்லா மக்கா. ஒனக்குமான்னு கேக்க பேடியும் பயமுமாட்டு இருந்துது. ரெண்டு பேருக்கும்னா, கொறை எனக்க வயித்துக்குல்லா வரும்னு ஊரு சொல்லும்.”

பாதிக் குற்றவாளி

மறுநாளே மூவரும் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார்கள். இரத்தம் கொடுக்க லூர்தம்மாள் கையை நீட்டுவதும் மடக்குவதுமாக இருந்தார். தீர்ப்புக்குக் காத்திருப்பவரைப் போன்ற முகம். ஷைனி அருகே உட்கார்ந்து அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிரமிளா ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: இந்த மரபணு நமக்கு இரண்டு பிரதிகளாக இருக்கிறது. தாயிடம் ஒன்று நல்லதாக, ஒன்று பழுதாக இருந்திருக்கும். உறவுக்காரரான தகப்பனிடமும் அப்படியே. இரு பழுதுகளும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்தால்தான் இந்தக் குறை வரும். வேண்டுமென்று எவரும் கொடுத்ததில்லை. ஒருவர் மட்டும் கொடுத்ததுமில்லை. லூர்தம்மாள் இதை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு கையை நன்றாக நீட்டினார். அப்போது அவர் சொன்னதைக் கேட்டு ஷைனி வாய்விட்டுச் சிரித்தாள்; அவள் சிரித்து அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

“அப்ப பாதி அந்த மனுசனுக்க குத்தம். செத்துப் போனதுனால தப்பிச்சிட்டாரு.”

பாட வேறுபாடுகள்

ஊருக்குத் திரும்பும் பேருந்தில் என்ன நடந்தது என்பதற்கு என்னிடம் மூன்று பாடங்கள் உள்ளன. அம்மா ஷைனியின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கும்வரை அழுதார் என்பது சேசடிமை பாடம். மாமி அழவேயில்லை, “ஏட்டி, திருவிழாவுக்கு ஒனக்க அப்பனையும் அம்மையையும் இங்க வரச் சொல்லி போன் போடு” என்றார், அவ்வளவுதான் என்பது ஷைனி பாடம். லூர்தம்மாளிடம் கேட்டபோது என்னையே முறைத்துப் பார்த்தார்: “அவள நான் எப்ப சாரே போவச் சொன்னேன்?”

நான்காவது ஒன்றும் உண்டு. பக்கத்து ஊரில் வேறொரு தம்பதியைப் பார்க்கப் போனபோது, கொடி வரைந்து இரத்தம் கொடுத்த பத்தாம் மாதம் ஷைனி இரட்டைப் பிள்ளை பெற்றாள் என்று அங்கே சொன்னார்கள். அது உண்மையில்லை; இந்தக் குறைக்கு இன்று மருந்தில்லை என்று பிரமிளா சேசடிமையிடமும் ஷைனியிடமும் தெளிவாகவே சொல்லியிருக்கிறார். தத்தெடுப்புக்கு எழுதிப்போட்டிருக்கிறார்கள்; அதில் மட்டும் அந்த வீட்டு மூவர் சொல்வதும் ஒன்றாக இருக்கிறது.

ஆக, எங்கள் ஆய்வு அந்த வீட்டுக்கு ஒரு பிள்ளையைத் தரவில்லை, ஒரு மருந்தும் தரவில்லை. மருமகளைப் போகச் சொன்னதே இல்லை என்று சத்தியம் செய்யும் ஒரு மாமியாரை மட்டும் தந்திருக்கிறது.