விளக்கு அணைந்திருக்கும் மாதங்கள்

எண்ணூரில் நான் வேலை பார்க்கும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கடைசிக் கால்வாயில் புற ஊதா விளக்குகள் வரிசையாக முங்கிக் கிடக்கும். சுத்திகரித்த தண்ணீர் ஆற்றுக்குப் போகும் முன், அதில் மிச்சமிருக்கும் கிருமிகளை அந்த ஒளி கொல்லும். கோடையில் மட்டும். மழை தொடங்கியதும் அணைத்துவிடுவார்கள். கோடையில் ஜனங்கள் கடலில் குளிக்கிறார்கள், மழையில் ஒருவரும் இறங்குவதில்லை என்பது மேலாளரின் வாதம்.

நான் அந்த ஆற்றங்கரை நெட்டுக்குப்பத்துக்காரி. மழை தொடங்கிய பிறகுதான் எங்கள் ஆற்றில் இறால் ஏறும். கடல் உள்வாங்கி ஆற்றில் நீர் வற்றும் நேரம் பார்த்துப் பெண்கள் இறங்கி, சேற்றைத் துழாவி, இறாலைப் பிடித்துப் பறியில் போடுவார்கள். பறி என்பது ஓலைப் பை. இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் அதைப் பல்லில் கடித்துக்கொள்ள வேண்டும். ஆக, வாய் தண்ணீரை ஒட்டியே இருக்கும்.

அந்த ஐப்பசியில் அத்தையின் உள்ளங்கையைச் சிப்பி கிழித்துவிட்டது. கை வீங்கியது. தண்ணீரில் இறங்கினால் கையே போய்விடும் என்றார்கள் ஆஸ்பத்திரியில். அத்தை அந்தக் கையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இன்னாடி என்ஜினியரு, ஊரு கலீஜெல்லாம் எங்க வாயில ஊத்திட்டு ஃபேனுக்குக் கீழ குந்திகினு கீறியா?"

"எறங்காத அத்தை."

"எறங்காம? உன் ஆபீசுல சோறு போடுவாங்களா?"

மறுநாள் மேலாளரிடம் மூன்று விஷயம் சொன்னேன். ஒன்று, ஆற்றில் ஆட்கள் இருக்கிறார்கள். இரண்டு, புண்ணோடு இருக்கிறார்கள். மூன்று, விளக்கைப் போட வேண்டும்.

"இந்த மழையில யாரும்மா குளிக்கிறது?"

"குளிக்கல சார். இறால் பிடிக்கிறாங்க."

"உங்க ஆளுங்களுக்கு அந்தத் தண்ணி பழக்கம்தானே?"

நான் அவர் மேசை முன்னாலிருந்து நகரவில்லை. கடைசியில், "போட்டுக்கோங்க. ஆள் தர மாட்டேன்" என்றார்.

விளக்குகளின் கண்ணாடி உறைகளில் பழுப்புக் கறை படிந்திருந்தது. ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். விளக்குகள் எரிந்தன. ஆனால் மழைநீர் சாக்கடையில் கலந்ததால் தண்ணீர் டீ நிறத்தில் வந்தது; ஒளி ஒரு சாண்கூடப் போகவில்லை. பரிசோதனைத் தட்டில் கிருமிகள் முன்போலவே முளைத்திருந்தன. மேலாளர் தட்டைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார்.

"திருப்தியா மேடம்?"

எனக்கு அவர் சிரிப்புதான் உறைத்தது. கிருமியைக் கொல்ல முடியாவிட்டால் தண்ணீரை நிறுத்தலாம், பெண்கள் ஆற்றில் இருக்கும் நேரத்துக்கு மட்டும். ஆறு சுத்தமாகிவிடாது. அனல்மின் நிலையத்துச் சாம்பலும் ஆலைகளின் எண்ணெயும் இருக்கத்தான் செய்யும். எங்கள் நிலையத்தின் பங்கு இருக்காது.

நீர் வற்றத் தொடங்கியதும் வெளியேற்றும் மதகை மூடினேன். கடைசித் தொட்டியில் தண்ணீர் ஏறியது. மேலாளர் குடையோடு வந்தார்.

"யாரைக் கேட்டு மூடினீங்க?"

"உங்களைத்தான் சார். இப்போ கேக்கறேன்."

"தொட்டி வழிஞ்சா?"

"அதுக்கு முன்னாடி திறந்துடுவேன்."

அவர் மதகை நோக்கி நடந்தார். அதைத் திருகும் கைப்பிடியைக் கழற்றி நான் வைத்துக்கொண்டிருந்தேன்.

தொட்டி விளிம்புக்கு ஒரு முழம் இருந்தபோது கைப்பிடியோடு ஆற்றங்கரைக்கு ஓடினேன். நிலையத்தின் பின்சுவரைத் தாண்டினால் ஆறு. அத்தை கழுத்தளவு நீரில் இருந்தாள். புண்பட்ட கையில் பிளாஸ்டிக் பை கட்டியிருந்தாள்.

"அத்தை, ஏறு! தொறக்கப் போறேன்!"

வாயில் பறி இருந்ததால் அவளால் திட்ட முடியவில்லை. முறைத்தாள். இன்னும் இரண்டு முறை துழாவிவிட்டுத்தான் கரையேறிப் பறியை வாயிலிருந்து எடுத்தாள்.

"கத்தாதடி, இறாலு ஓடுது. நாளிக்கும் மூடுவியா?"

"மூடுறேன்."

"எம்மா நேரம்?"

"தொட்டி ரொம்புற வரைக்கும்."

"பத்தாது. பெரிய தொட்டியா கட்டச் சொல்லு உன் சாரை."

திரும்பியபோது மேலாளர் மதகருகிலேயே நின்றிருந்தார். கைப்பிடியை மாட்டித் திருகிக்கொண்டே, அத்தை சொன்னதை அப்படியே சொன்னேன்.