நெல்லுப் பாயில் காய்ந்த வயலின்

எழுபதுகளின் கடைசியில், ஒரு மாசி மாதம், என் மகளின் வயலினை நான் நெல்லோடு சேர்த்துக் காயப்போட்டேன். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன் செய்கிற வேலையா என்று கேட்காதீர்கள். என் மனைவி கேட்டு முடித்துவிட்டாள்.

மகளுக்கு அப்போது பதினைந்து வயது. ஒலுவிலில் பெரியம்மா வீட்டில் ஒரு வாரம் நிற்கப் போனவள், "வாப்பா, வயலின்ல மட்டும் கை வெச்சிராதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். நானும் கை வைத்திருக்கமாட்டேன். ஆனால் மூன்று நாள் மழையில் பெட்டிக்குள் பூஞ்சண வாசம் அடித்தது. மழை விட்டதும் கல்முனையில் எல்லாரும் செய்வதைத்தான் செய்தேன். முற்றத்தில் பாய் விரித்து, நனைந்த நெல்லைக் கொட்டி, நடுவில் வயலினை வைத்து, சுற்றிலும் காலால் துழாவிவிட்டேன். மத்தியானம் பார்த்தால் அதன் மேற்பலகை பசை விட்டு வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.

மகள் வர நாலு நாள்தான் இருந்தது. மட்டக்களப்பில், போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர் பரம்பரையாக வயலின் செய்யும் தெரு ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். புறப்படும்போது மனைவி வாசலை மறித்தாள்.

"அவங்கட பசை என்னத்தில காய்ச்சுற எண்டு கேட்டுட்டு வாங்க. பண்டித் தோல் எண்டா ஹராம், வயலினும் நீங்களும் வெளியிலயே நிண்டுக்கங்க."

அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு பட்டறை. நான் நுழைந்த பட்டறையில் கழுத்தில்லாத வயலின்கள் கருவாடு போலக் கம்பியில் தொங்கின. சட்டியில் பசை கொதித்தது. பட்டறைக்காரர் என் வயதுதான். பள்ளிக்கூட மாஸ்டர் என்று சொல்லி வயலினை நீட்டினேன். வாங்கி, திறந்த வாயை முகர்ந்தார்.

"மாஸ்டர், வெயில்ல வெச்சீங்களோ?"

"சேச்சே."

கவிழ்த்துத் தட்டினார். மேசையில் மூன்று நெல் விழுந்தன. ஒன்றை எடுத்துக் கடித்தார்.

"நல்லாக் காஞ்சிருக்கு. இனிக் குத்தலாம்."

வெட்கத்தை விழுங்கிக்கொண்டு, "விஞ்ஞான விளக்கத்துக்காகக் கேக்கிறன், இந்தப் பசை என்ன மிருகத்துட தோல்?" என்றேன்.

"மாஸ்டருக்கு எந்த ஊர்?"

"கல்முனை."

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "உங்கட ஊர் மாடுதான். போன ஹஜ்ஜுப் பெருநாளைக்கு அறுத்தது. பிஸ்மி சொல்லி அறுத்ததோ இல்லையோ, நீங்கதான் எனக்குச் சொல்லோணும்."

அந்தப் பெருநாளில் தோல்களுக்கு உப்புத் தடவி வண்டிலில் ஏற்றியவர்களில் நானும் ஒருவன். இந்த நாற்றம் இனி என் வீட்டுப்பக்கம் வரக்கூடாது என்று மூக்கைப் பொத்திக்கொண்டு சத்தியம் செய்திருந்தேன்.

இரண்டு நாள் இறுக்கிக் கட்டி வைத்துத் தந்தார். மாட்டுத் தோல் என்று நான் சொன்னதும், மனைவி முகர்ந்து பார்த்து வயலினை உள்ளே எடுத்தாள். என்னையும்தான்.

சனிக்கிழமை வந்த மகள் உடுப்பு மாற்றுமுன்பே வயலினைத் தூக்கினாள். உள்ளே ஏதோ கிலுங்கியது. சரித்துக் குலுக்கினாள். எங்கோ ஒளிந்திருந்த நாலாவது நெல் அவள் மடியில் விழுந்தது.

"வாப்பா, இது எப்பிடி உள்ளுக்குப் போன?"

விஞ்ஞானம் கைவிட்டது. குசினிக்குள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது.

"மாட்டுத் தோலால ஒட்டின சாமான்தானே மகள். மாடு நெல்லுத் தின்னாம பின்ன புட்டா தின்னும்?"

காப்பாற்றினாளா, காட்டிக்கொடுத்தாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மகள் நெல்லைப் பார்த்தாள், முற்றத்தில் சுருட்டிக் கிடந்த பாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வயலினைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, திறப்பைத் தன் கழுத்துச் சங்கிலியில் கோர்த்துக்கொண்டாள்.