வெள்ளைன்னா சரி, சிவப்புன்னா வேண்டாம்

என் வீட்டுக்காரர் ஹியூபர்ட்டுக்குப் பேச்சைவிட ஒயர்தான் நல்லா வரும். எங்க ஊர் சுங்கை பெசார்ல நெல் அறுக்குற மெஷினுக்கு லைட் போடணுமா, பக்கத்து மீன்பிடி கிராமம் பாகான் நக்கோடா ஓமார்ல படகு விளக்கு எரியலையா, இவரைத்தான் கூப்பிடுவாங்க. சாமான் பையைத் தூக்கிக்கிட்டுப் போயிடுவார். எங்க வீட்டு பாத்ரூம் பல்பு மட்டும் மாசக்கணக்கா எரியாது. கேட்டா, "நாளைக்குப் பார்க்கலாம்"னு ஒரு சொல்லு. அதுக்கு மேல வாயைத் திறக்க மாட்டார்.

பேத்தி கெய்ட்லின் கலர் மாறுற லைட் வாள் வேணும்னு அழுதப்போ மட்டும் அன்னைக்கே உக்காந்துட்டார். மங்கலான பிளாஸ்டிக் குழாய்க்குள்ள சின்னச் சின்ன விளக்கா வரிசையா ஒட்டினார். ஒவ்வொரு விளக்குலயும் சிவப்பு, பச்சை, நீலம் மூணும் உண்டு, மூணும் சேர்ந்து எரிஞ்சா வெள்ளை. ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஒயர், தனி ரெசிஸ்டர். கைப்பிடிக்குள்ள பேட்டரி. கொஞ்ச நாள் கழிச்சு, வெள்ளை வச்சா சிவப்பா எரியுதுன்னு பேத்தி ஓடி வந்தா. "பேட்டரி இறங்கிடுச்சும்மா. பச்சைக்கும் நீலத்துக்கும் பவர் கூட வேணும். சிவப்புக்குக் கொஞ்சம் போதும், அதுதான் கடைசி வரைக்கும் எரியும்"னார்.

அப்புறம்தான் அந்தப் பாழாப்போன நரம்பு வியாதி வந்துச்சு. மொதல்ல கால், பிறகு கை. நாக்கு குழற ஆரம்பிச்சதும் அவரே எங்க மகன் ஆன்ட்ரூவைக் கூப்பிட்டு வாளைப் பிரிக்கச் சொன்னார். லேசாத் தொட்டாலே வேலை செய்யுற ஒரு பட்டனை நீள ஒயர்ல மாட்டி, இடது கட்டைவிரலுக்குக் கீழ வச்சாங்க. ஒரு தரம் அமுக்கினா வெள்ளை, சரின்னு அர்த்தம். இன்னொரு தரம் அமுக்கினா சிவப்பு, வேண்டாம். மூணாவது தரம் அணைஞ்சிடும். ஆன்ட்ரூ ஈயம் வைக்கிற லட்சணத்தைப் பார்த்து, குழறுற நாக்காலயே அவனைத் திட்டினார் பாருங்க, நாங்க சிரிச்சிட்டோம். அவரும் சிரிச்சார்.

போன மாசம் மூச்சு விடவே தடுமாறினார். தொண்டையில துளை போட்டு மெஷின் வைக்கணும், இல்லைன்னா ரொம்ப நாள் தாங்காது, அவரையே கேட்டுச் சொல்லுங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். ஆன்ட்ரூதான் கேட்டான். விளக்கு சிவப்பா எரிஞ்சுது.

"அப்பா வேணாம்னுட்டாரு மா. அவர் இஷ்டம் லா"ன்னுட்டு அவன் கண்ணைத் துடைச்சிக்கிட்டு வெளியே போயிட்டான்.

எனக்கு ஒத்துக்க முடியல. அன்னைக்குக் காலையில மூஞ்சியைத் துடைச்சு விடவான்னு நான் கேட்டதுக்கும் சிவப்புதானே வந்துச்சு? அப்படியும் துடைச்சு விட்டேன், சுகமா கண்ணை மூடிக்கிட்டாரே! பேட்டரிதான் இறங்கியிருக்கு, மனுசன் ஒரே தரம்தான் அமுக்கியிருப்பார், சரின்னுதான் சொல்லியிருப்பார்னு மனசு துடிச்சுது. கடைக்கு ஓடிப்போய் பேட்டரி வாங்கிட்டு வந்து நானே மாட்டினேன். அமுக்கிப் பார்த்தா வெள்ளை பளிச்சுன்னு வந்துச்சு. ஆண்டவரே, உமக்கு ஸ்தோத்திரம்னு வாய்விட்டே சொன்னேன். அணைச்சுட்டு, பட்டனை அவர் விரலுக்குக் கீழ வச்சேன்.

"இங்க பாருங்க. கெய்ட்லின் இருக்கா, நான் இருக்கேன். எத்தனை வருஷமானாலும் நான் பார்த்துக்குவேன். மெஷின் வச்சுக்கலாமா?"

வெள்ளை எரிஞ்சுது. போன உசுரு எனக்குத் திரும்பி வந்துச்சு. ஆன்ட்ரூவைக் கூப்பிட வாயைத் திறக்கிறேன், அந்த விரல் மெதுவா இன்னொரு தரம் அமுக்குச்சு. சிவப்பு. வெள்ளையைத் தாண்டித்தானே அவரால சிவப்புக்குப் போக முடியும்.

"போங்க, நீங்களும் உங்க வாளும்!"னு கத்திட்டேன். ஓன்னு அழுதேன். கல்யாணமான நாள்லேர்ந்து என்கிட்ட இது வேணும் அது வேணும்னு கேட்டதே இல்ல இந்த மனுசன், வாயில்லாத காலத்துல கேக்குறது இதுவா? அவர் விளக்கை அணைச்சார். நான் அழுது முடிக்கிற வரைக்கும் பட்டனைத் தொடல.

மூக்கைச் சிந்திட்டு, அவர்கிட்ட இதுவரைக்கும் கேட்கத் துணியாததைக் கேட்டேன். "பயமா இருக்கா?"

வெள்ளை எரிஞ்சுது.

சிவப்பு வரும், வரும்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். வரல. கட்டில்ல ஏறி, அவரைக் கொஞ்சம் நகர்த்திட்டு, பக்கத்துல படுத்துக் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன்.