கயிற்றுக்கு இந்தப் பக்கம்

மஞ்சள் நைலான் கயிறு. இரும்புக் கம்பங்களில் இடுப்பு உயரத்துக்குக் கட்டியிருப்பார்கள். முதல் உலகப் போர் முடிந்த நாளென்று ஒவ்வொரு நவம்பர் பதினொன்றும் காரைக்காலில் போர் நினைவுத் தூணைச் சுற்றி அந்தக் கயிறு வந்துவிடும். உள்ளே சாமியானா, நாற்காலிகள், மலர்வளையங்கள், பதக்கம் குத்திய பெரியவர்கள், கல்லில் பெயர் உள்ளவர்களின் குடும்பத்தார். வெளியே வேடிக்கை பார்க்கிறவர்கள். என் மாமியார் வெளியே நிற்பார். கல்யாணமாகி நான் வந்த முதல் வருடம் துணைக்கென்று என்னையும் அழைத்துப் போனார். மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. நல்ல புடவை உடுத்தி, ஒரு கையில் சம்பங்கி மாலை இருந்த பிளாஸ்டிக் பையைத் தூக்கிக்கொண்டு, மறு கையால் கயிற்றைப் பிடித்தவர் கடைசிவரை விடவில்லை. எல்லாரும் போய், நாற்காலிகளையும் மடக்கிய பிறகு, கயிறு சுருட்ட வந்த ஆள், “ஆச்சு, கைய எடுங்கம்மா” என்றார். “எடுக்கறேன். அடுத்த வருசமும் கட்டுவீங்கல்ல?” என்று கேட்டார் அத்தை. அவர் சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. ஆளில்லாத தூணடியில் மாலையை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

அத்தையின் அப்பா பக்கத்தில் உள்ள போலகம் என்ற ஊர்க்காரர். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் அவர்கள் பட்டாளத்தில் சேர்ந்து, வியட்நாம் பக்கம் நடந்த இந்தோசீனப் போருக்குப் போனவர். விடுப்பில் வந்தபோது ஊர் கூடி, கோயிலில் கல்யாணம் செய்துவைத்தார்கள். மறுபடி கப்பல் ஏறினார். மகள் பிறந்த செய்தி அவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதே தெரியாது. சைகோன் பக்கம் இறந்துவிட்டார் என்ற தகவல் மட்டும் வந்தது. அவர் பெயர் கல்லில் இல்லை. போரில் குண்டடிபட்டுச் சாகவில்லை, நோயில் செத்தார் என்று விட்டுவிட்டார்களாம். ஏன் விட்டீர்கள் என்று கேட்கவும் ஆளில்லை. கோயிலில் நடந்த கல்யாணத்தை மேரியில் பதிவு செய்யவில்லை. மேரி என்றால் அந்தக் காலத்து நகராட்சி அலுவலகம். பழைய ஆட்கள் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். பதிவு இல்லாததால் காகிதத்தில் அவருக்கு மனைவியும் கிடையாது, மகளும் கிடையாது.

“நீ படிச்ச புள்ள, நீ எழுது” என்றார் அத்தை. என் மகள் கைக்குழந்தையாக இருந்த சமயம். மதியம் அவள் தூங்கும்போது உட்கார்ந்து பிரான்சில் உள்ள ஆவணக் காப்பகங்களுக்கு எழுதுவேன். அத்தை பக்கத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருப்பார். நான் பயந்த சுபாவம். எழுதியதைத் திரும்பத் திரும்பப் படிப்பேன். ஒரு தவறான சொல்லால் அவருடைய அப்பா நிரந்தரமாகத் தொலைந்துவிடுவாரோ என்று தோன்றும். அனுப்பிய பிறகும் வேறு மாதிரி எழுதியிருக்கலாமோ என்று குழம்புவேன். கடைசியில் ஒரு பதில் வந்தது. காட்டுக்குள் இருந்த காவல் முகாமில் அவருக்குக் காய்ச்சல் கண்டிருக்கிறது. ராணுவ மருத்துவமனைக்குத் தூக்கிவந்தும் பிழைக்கவில்லை. போர்ப்பணியில் பிடித்த நோய் என்பதால் போரில் இறந்தவராக அவரை அங்கீகரிக்க வழி உண்டு என்றும் அதில் இருந்தது. தமிழில் சொன்னேன். அத்தை கையிலிருந்த கீரைக் கொத்தை உருவி முடித்தார். பிறகு, “தண்ணி கிண்ணி குடுத்தாங்களாமா?” என்றார்.

“அதெல்லாம் எழுதலீங்க அத்தை.”

“ம். அத ஏன் எழுதப்போறாங்க.”

பதிலை எடுத்துக்கொண்டு, கல்லில் பெயர் சேர்க்கும் குழுவின் செயலாளரைப் பார்க்கப் போனோம். இந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. செத்துப்போன சிப்பாயைப் பற்றி யாராவது விசாரித்தால், பிரெஞ்சுக் குடியுரிமைக்கு வழி தேடுகிறார்கள் என்றே முடிவு கட்டிவிடுவார்கள். அப்படித் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் அதைக் கேட்க வேண்டுமா?

“வாங்கம்மா. எத்தன பேருக்குப் பாஸ்போர்ட் எடுக்கறதா உத்தேசம்?”

“மூட்டு வலிங்க எனக்கு. ஒங்க வூட்டுப் படியே ஏற முடியல, ஏரோப்ளேன்லயா ஏறப்போறேன்? எங்கப்பாவுக்குக் கல்லுல ஒரு வரி வேணும். அவ்வளவுதான்.”

அவர் சிரித்தபடி உட்காரச் சொன்னார். காபி கொடுத்தார். மரியாதையான மனிதர், அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. “கோப்புல மணமாகாதவர்னு இருக்கு. நீங்களும் அப்படியே எழுதிக் குடுத்தீங்கன்னா பேரு சீக்கிரம் ஏறிடும். மகள்னு எழுதினா, பின்னால உரிமை கேப்பீங்களோன்னு நிறுத்திடுவாங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்” என்றார்.

“அப்ப நான் அவருக்கு யாருன்னு எழுதறது?”

“ஊர்க்காரங்க, தெரிஞ்சவங்கன்னு எழுதுங்களேன்.”

அத்தை காகிதத்தை உள்ளங்கையால் தள்ளிவைத்துவிட்டு எழுந்தார்.

திரும்பும்போது ஆட்டோவில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு மெதுவாகக் கேட்டேன், பேர் ஏறினால் போதாதா என்று. நியாயமாகத்தான் பட்டது எனக்கு. வயதாகிவிட்டது, ஒரு கையெழுத்து, அதற்குப் பிறகு கயிற்றுக்கு உள்ளே நாற்காலி. அத்தை கோபப்படுவார் என்று நினைத்தேன். ரோட்டைப் பார்த்தபடி தணிந்த குரலில்தான் பேசினார்.

“சேதி வந்தன்னைக்கி ஊரே கூடி எங்கம்மா தாலிய அறுத்துச்சு. பூவ எடுத்துச்சு. பொட்ட அழிச்சுச்சு. அப்ப எவனாச்சும் பதிவு இருக்கான்னு கேட்டானா? தாலி அறுக்கறதுக்கு மட்டும் அவ பொண்டாட்டி, கல்லுல ஏத்தறப்ப அவருக்குக் கல்யாணமே ஆவலயா?”

குழந்தையை மடியில் சரியாகக் கிடத்திக்கொண்டேன். அந்த அம்மாவை நான் பார்த்ததில்லை. இருபது வயதுகூட ஆகாத பெண். பிறகு ஆயுள் முழுக்க நடவுக்குப் போய் மகளை வளர்த்திருக்கிறார். பெற்ற மகள் கல்யாணத்திலேயே பந்தலுக்குப் பின்னால், அடுப்படியில் உட்கார்ந்திருந்தாராம். மனைவியாக இருந்ததற்கு உண்டான தண்டனை முழுவதையும் ஊர் அவருக்குக் கொடுத்தது. மனைவி என்ற ஒரு சொல்லை மட்டும் அரசாங்கக் கோப்பு தரவில்லை. ஊரும் கோப்பும் பேசிவைத்துக்கொண்டா செய்தார்கள்? இல்லை. தனித்தனியாகத்தான் செய்தார்கள். நினைக்க நினைக்க எனக்கு அதுதான் கொதிக்கிறது.

மகள் என்றே மறுபடி எழுதச் சொன்னார் அத்தை. எழுதினேன். நிறுத்திவிட்டார்கள். மறுபடியும் எழுதினேன். போன ஆடியில் அத்தை இறந்தார்.

கருமாதி முடிந்த கையோடு என் கணவரின் அண்ணன் செயலாளரைப் போய்ப் பார்த்திருக்கிறார். அவர்கள் கேட்டபடியே, மணமாகாதவர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். எனக்குத் தெரிந்தபோது கல்லில் உளி பட்டாகிவிட்டது. “அம்மாவோட ஆசைய அண்ணன் நெறவேத்திட்டாரு. வுடேன்” என்றார் என் கணவர். நல்ல மனிதர்தான், ஆனால் அண்ணனை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. எனக்கும் இல்லை. சமையலறைக்குப் போய், கழுவிவைத்திருந்த பாத்திரங்களையே மறுபடி கழுவினேன். மருமகள் நான், பெற்ற பிள்ளைகளுக்கு இல்லாத கோபம் எனக்கு எதற்கு என்று கேட்டுக்கொண்டேன். இதை எழுதும்போதும் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் அந்த ஆட்டோவில் அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நான்தான்.

இந்த நவம்பரிலும் மழை. சம்பங்கி மாலை வாங்கிக்கொண்டு, மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். கணவரும் அவர் அண்ணனும் முன்னாலேயே போய் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். புதிதாக வெட்டிய எழுத்துகள் மற்றவற்றைவிட வெளுப்பாகத் தெரிந்தன. ஒலிபெருக்கியில், “மணமாகாத இளம் வயதிலேயே உயிர்த்தியாகம் செய்த வீரர்” என்று வாசித்தார்கள். கை தட்டினார்கள். செயலாளர் என்னைப் பார்த்துவிட்டுக் குடையோடு கயிற்றருகே வந்தார்.

“ஏம்மா கொழந்தைய வச்சிக்கிட்டு மழையில நிக்கிறீங்க? உள்ள வாங்க, குடும்பத்தாருக்குச் சேர் போட்டிருக்கு.”

“கல்யாணமே ஆவாதவருக்கு ஏதுங்க குடும்பம்?”

எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. முன்வரிசையில் என் கணவர் திரும்பிப் பார்த்தார். செயலாளர் குடையைச் சரித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். வீட்டில் இதற்கு என்ன பேச்சு வருமோ என்று பயமாக இருந்தது. அத்தை அவருடைய மகள்தான் என்று இன்னொரு மனு எழுதி வைத்திருக்கிறேன், அதையும் இதே மனிதரிடம்தான் கொடுத்தாக வேண்டும், கெடுத்துக்கொண்டேனோ என்றும் தோன்றியது. ஆனாலும் நகரவில்லை. மாலையை அங்கே வைக்க மனம் வரவில்லை. அத்தையின் அம்மாவுக்கு வீட்டில் ஒரு படம் இருக்கிறது, ரேஷன் கார்டுக்கு எடுத்தது, வெறும் நெற்றியோடு. மாலை அவருக்குத்தான் என்று முடிவு செய்தேன்.

எல்லாம் முடிந்து நாற்காலிகளை மடக்கினார்கள். கயிறு சுருட்டுகிறவர் கம்பம் கம்பமாக அவிழ்த்துக்கொண்டு என்னிடம் வந்தார். அதே ஆள்தான், தலை நரைத்திருந்தது.

“ஆச்சு, கைய எடுங்கம்மா.”

“எடுக்கறேங்க” என்றேன். “அடுத்த வருசமும் கட்டுவீங்கல்ல?”